குட்டைத் தண்ணீருக்குப் போட்ட பாடு

1982-ஆம் வருஷம், புரட்டாசி மாதம். ஆரம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவேற்காடு ஏரியைப் பார்த்துக் கிழக்கே சைக்கிளில் அரை மணி நேரம் போனால் ஒரு சிற்றூர் வரும். அங்கேதான் இது நடந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தாவரவியலில் பட்டம் வாங்கிய கையோடு, வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுப்பதற்குள், ஒரு தொண்டுக் குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டேன். வானம் பார்த்த நிலங்களில் ரசாயன உரம் போடாமல், பழைய விதைகளை வைத்துப் பயிர் செய்கிற ஊர்களை ஒன்றோடொன்று சேர்த்து வைப்பது எங்கள் வேலை. ஓர் ஊர் விதை தரும். அதை வாங்கி விதைத்த ஊர், அறுவடையில் இரண்டு மடங்காக அளந்து அடுத்த ஊருக்குத் தரவேண்டும். நடுவில் ஓர் ஊரில் பயிர் காய்ந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்களுக்கு எதுவும் போகாது.

நான் தங்கி வேலை செய்த அந்தச் சிற்றூருக்குத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வறட்சி தாங்கும் கேழ்வரகு வந்திருந்தது. பன்னிரண்டு குடும்பங்கள் ஆளுக்கு ஒரு கொல்லையில் விதைத்திருந்தார்கள். கொல்லை என்றால் அந்தப் பக்கத்தில் மானாவாரி மேட்டு நிலம். ஏரிக்கரைக் குப்பத்து மீனவர்களும் இந்தக் கூட்டில் உண்டு. அந்தக் குப்பத்துப் பெண்கள் காலங்காலமாகக் கருவாடு கொடுத்துக் கேழ்வரகு வாங்கிப் போகிறவர்கள். கேழ்வரகு விளையவில்லை என்றால் அவர்கள் வீட்டிலும் கூழ் இல்லை. அதனால் மீன் கழிவைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து எருக்குழியில் கொட்டினார்கள். கோடையில் ஊர்க் குட்டையைத் தூர் வாரியபோது அவர்களும் மண்வெட்டி பிடித்தார்கள்.

நான் பேசுகிற வேகத்தைப் பார்த்து ஊரில் எனக்கு டீச்சரம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள்கூட நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை.

கதிர் வெளிவருவதற்கு முன் பயிர் பொதி கட்டும் நேரத்தில் மழை நின்றுபோயிற்று. மூன்று வாரம் ஒரு தூறல் இல்லை. கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி பளபளத்துக்கொண்டிருக்கிறது, அத்தனையும் உப்பு. நல்ல தண்ணீர் என்று இருந்தது குட்டையில் மட்டும்தான். குட்டைக் கரையில் ஓர் ஏற்றம், அதில் தண்ணீர் மொள்ள ஓர் இரும்புச் சால். ஏற்றம் இறைத்தால் ஒரு கொல்லை முழுக்க நனைய ஒரு நாள் ஆகும். நான் கம்பு விட்டு ஆழம் பார்த்துக் கணக்குப் போட்டேன். எட்டு நாள் தண்ணீர். பன்னிரண்டு கொல்லை.

கணக்கு வந்துவிட்டது, இனி என்ன கவலை என்று உட்கார்ந்து ஒரு சார்ட் எழுதினேன். குட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கொல்லைகளுக்கு முதலில் தண்ணீர், ஏனென்றால் வாய்க்காலில் வீணாவது குறைவு. எட்டுப் பேரைப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். தொலைவில் உள்ள நான்கு பேரைச் சிவப்பால் எழுதி, ‘மழை வந்தால்’ என்று எதிரே போட்டேன். எட்டையாவது காப்பாற்றலாம், விதை மிஞ்சும் என்பது என் நியாயம்.

மறுநாள் காலை குட்டைக் கரையில் சார்ட்டை விரித்துப் பிடித்தேன். நான்கு சிவப்புப் பேரில் கடைசிப் பேருக்கு உரிய கடைசிக் கொல்லைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

“எம்பேரு இன்னாத்துக்குச் செவப்புல கீது?”

“மழை வந்தா உங்களுக்கும் உண்டுண்ணே.”

“மழ வந்தா உன் சார்ட்டு எனக்கு எதுக்கும்மா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. “அவுங்க வூட்டுச் சோத்தத் துன்னுட்டு அவுங்களுக்கே மொதத் தண்ணி எழுதிட்டியே, டீச்சரம்மா.”

சார்ட்டில் முதல் பேர் நான் தங்கியிருந்த வீட்டுக்காரருடையது. குட்டையை ஒட்டியது அவர் கொல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதை எழுதும்போது எனக்கு அந்த நினைப்பே இல்லை. ஆனால் மூன்று வேளையும் நான் கை நனைத்தது அவர் வீட்டில்தான். அதற்கு மேல் நான் சொன்ன வாய்க்கால் கணக்கு எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, “டீச்சரம்மா படிச்சவங்க, சரியாத்தான் எழுதுவாங்க” என்று எனக்குப் பரிந்து பேசினார். அவர் பேசாமல் இருந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

கடைசிக் கொல்லைக்காரர் நேரே ஏற்றத்துக்குப் போனார். அதிலிருந்து அந்தச் சாலை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். சால் இல்லாமல் ஏற்றம் இருந்து என்ன பயன்? இரண்டு நாள் யாரும் ஒரு சொட்டு இறைக்கவில்லை. வெயில் மட்டும் குட்டையிலிருந்து தன் பங்கை இறைத்துக்கொண்டே இருந்தது. கேழ்வரகுத் தாள் பகலில் ஊசி மாதிரி சுருண்டு நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு, “விதை எப்பம்மா அளப்பீங்க?” என்று ஆளனுப்பிக் கேட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கருவாட்டுக்காரப் பெண் வந்தாள். பசியாவரம் தீவில் பிறந்து ஏரிக்கரைக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வாய் மட்டும் என்னைவிட இரண்டு படி அதிகம்.

“இன்னா, ஊரே மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீது? எழவா?” என்று கேட்டுக் கூடையை இறக்கினாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கூடை மேலேயே சாய்ந்து சிரித்தாள்.

“நிக்கிற தண்ணிக்கா இந்தச் சண்ட? எங்க மீனு ஓரெடத்துல நிக்காது. அதையே நாங்க பங்கு வெச்சிக்கறோம். நாளைக்கு எங்கூர்ல பாடு போடறாங்க. சாலத் தூக்கிக்கினு போன அண்ணாத்தையையும் இட்டுக்கினு வந்து பாரு.”

ஏரியில் மீன் கிடைக்கும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஓர் இடத்தில் இறால் கொட்டும், இன்னோர் இடத்தில் பாசிதான் மாட்டும். யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பேர்தான் பாடு. புத்தகத்தில் எங்கும் படிக்காத சங்கதி. எனக்கு அங்கேயே கால் பரபரத்தது.

கடைசிக் கொல்லைக்காரரைக் கூப்பிட்டேன். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். சைக்கிள் கேரியரில் சாலையும் கட்டிக்கொண்டு வந்தார். “வூட்ல வுட்டுட்டு வந்தா எவனாவது இஸ்துக்கினு பூடுவான்” என்றார். வழியெல்லாம் அது கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. குப்பத்தில் போய் உட்கார்ந்தபோதும் மடியில் குழந்தை மாதிரி அதை வைத்துக்கொண்டிருந்தார். குப்பத்துக்காரர்கள் அவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

மணலில் வலையை விரித்து அதன் மேல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பனையோலைத் துண்டு, அதில் அந்த வீட்டு அடையாளம் கீறியிருந்தது. காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர் பேருக்கும் ஓலை இருந்தது. ஊர்த் தலைவருக்கும் ஒன்றுதான். குலுக்கி எடுத்த வரிசைப்படி இடம். ஆனால் அந்த இடம் ஒரு நாளைக்குத்தான். இன்றைக்கு முதல் இடத்தில் இருந்தவர் நாளைக்கு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். நல்ல இடமும் கெட்ட இடமும் எல்லோரையும் சுற்றி வரும்.

கடைசிக் கொல்லைக்காரர் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். “மொத நாளே மோசமான எடம் வந்தவன் இன்னா பண்ணுவான் நைனா?”

“வலையக் கட்டிட்டு வருவான்” என்றார் தலைவர். “நாளைக்கு எடம் மாறும். மீனுக்கு நம்ம பேரா தெரியும்?”

நான் கவனித்தது வேறொன்றை. ஓலைகளைக் குலுக்கியவர் அந்த முறை தனக்கு ஓலை போடவில்லை. ஏன் என்று கருவாட்டுக்காரப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். “குலுக்கறவனுக்குப் பங்கு இருக்கக் கூடாதுமே. இருந்தா எவன் நம்புவான்?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எனக்கு ஊரில் ஒரு சாண் நிலம் இல்லை, அதனால் நான் பொதுவான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பங்கு சோற்றுத் தட்டில் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் கணக்கை மாற்றிப் போட்டோம். ஒரு கொல்லைக்கு முழு நாள் வேண்டாம், அரை நாள் போதும். வேர் நனைந்தால் பயிர் தாக்குப்பிடிக்கும். இத்தனை நாள் வெயில் குடித்தது போக, இருப்பதை வைத்து ஒரு சுற்றில் பன்னிரண்டும் நனையும். மிச்சம் இருந்தால் அடுத்த சுற்றைக் கடைசி ஆளிடமிருந்து தொடங்க வேண்டும். “அப்போ கடைசின்னு எவனும் இல்ல” என்றார் அவர். எட்டு வருஷம் படித்தாலும் நான் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் குப்பத்துத் தலைவரும் கருவாட்டுக்காரப் பெண்ணும் இன்னும் சிலரும் குட்டைக் கரைக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் முரண்டு பிடித்தார்.

“எங்கொல்ல குட்டையத் தொட்டுக்கினு கீது. எனக்கு எதுக்குச் சீட்டு?”

கருவாட்டுக்காரப் பெண் விடவில்லை. “எங்கூர்ல வாசப்படியில மீன் துள்ற வூடுகூட ஓலை போடுது நைனா. உனக்கு இன்னா வந்துது?”

தலைவர் குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னார். “குட்டையில எங்க மண்வெட்டியும் எறங்கிக் கீது. முறைய மீறினவங்க வூட்ல எங்க பொம்பளைங்க கருவாட்டுக் கூடைய எறக்க மாட்டாங்க.”

கருவாடு இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளைக் கூழ் இறங்காது. வீட்டுக்காரர் மனைவி கூட்டத்திலிருந்தே, “ஓலையப் போடுய்யா” என்றாள். போட்டார்.

ஓலைகளைக் குலுக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. தலைவர் கடைசிக் கொல்லைக்காரரைப் பார்த்துக் கை நீட்டினார். அத்தனை நாளும் கையை விட்டு இறக்காத சாலை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கொடுத்தார். அதில்தான் தலைவர் பன்னிரண்டு ஓலையையும் குலுக்கினார். நான் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரருக்குப் பதினோராவது முறை வந்தது. கடைசிக் கொல்லைக்காரருக்கு ஏழாவது. “பதினொண்ணா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “அடுத்த சுத்துல நான்தான் ரெண்டாவது. எல்லாரும் கேட்டுக்கங்க” என்றார். அந்த மத்தியானமே சால் ஏற்றத்தில் ஏறியது.

முதல் சுற்று முடியும் வரை ஆறு நாள் ஏற்றம் நிற்கவில்லை. தன் முறை இல்லாதவர்களும் வாய்க்காலில் வந்து மண்ணை அணைத்தார்கள். தண்ணீர் உடைத்துக்கொண்டு போனால் நஷ்டம் யாருக்கு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். நானும் அன்றிலிருந்து ஒரு வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். பன்னிரண்டு வீட்டிலும் முறை வைத்துச் சாப்பிட்டேன். டீச்சரம்மாவுக்கே பாடு போட்டாச்சு என்று ஊர் சிரித்தது. இரண்டாம் சுற்றில் இரண்டு கொல்லை நனைந்ததும் குட்டையில் சேறு தட்டியது. வீட்டுக்காரர் கொல்லை அந்த இரண்டில் ஒன்று. அதற்கப்புறம் ஐந்தாம் நாள் ஒரு மழை வந்தது. பெரிய மழை இல்லை. ஆனால் அதுவரை உயிரோடு இருந்த பயிருக்கு அது போதும்.

பன்னிரண்டில் பதினொரு கொல்லை கதிர் பிடித்தது. ஒன்றை ஆடு மேய்ந்துவிட்டது, ஆட்டுக்குப் பாடு போட யாராலும் முடியாது. களத்தில் முதலில் விதையைத்தான் அளந்தோம். இரண்டு மடங்கு போக எங்களுக்கும் மிஞ்சியது. அடுத்த ஊர்க்காரர்கள் மாட்டு வண்டி கட்டி வந்து கோணிகளை ஏற்றினார்கள். முதல் கோணியைத் தூக்கிக் கொடுத்தவர் கடைசிக் கொல்லைக்காரர். கருவாட்டுக்காரப் பெண் களத்திலேயே கூடையைக் கவிழ்த்து, கேழ்வரகை நிரப்பிக்கொண்டு, “பொதுவுல நிக்கக் கத்துக்கினியா டீச்சரம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

போன மாதம் எங்கள் கூட்டு ஊர்களின் சந்திப்புக்காகத் தர்மபுரிப் பக்கம் போயிருந்தேன். பழவேற்காடு ஏரியையும் கடலையும் கண்ணால் பார்த்திராத ஊர். அங்கே ஒரு விவசாயி என்னைத் தங்கள் ஊர்க் குட்டைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் பங்கிடும் முறையை மிகப் பொறுமையாக எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பாடு என்று பேராம். “முக்கியமா ஒண்ணும்மா, குலுக்கறவனுக்குப் பங்கு இருக்கக் கூடாது” என்றார். விதை வந்த வழியிலேயே பாடு திரும்பிப் போயிருக்கிறது. நான் புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டினேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் எழுதிய சார்ட்டில் கணக்குப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இன்றைக்கு எந்த ஊரில் எந்தப் பட்டியல் எழுத உட்கார்ந்தாலும், பேனாவைத் திறப்பதற்கு முன் நான் யார் வீட்டில் சாப்பிட்டேன் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்கிறேன்.