இடமிருந்து மூன்றாவது மலை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை நான்கு வந்தது. அடுத்த தடவை ஐந்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினால் மறுபடி நான்கு... ஒரு வேன் நிறைய வந்திறங்கிய சொந்தக்காரர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேசாமல் அந்த வேனிலேயே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று இருந்தது.

திசை விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபம் மாறிப் போய், முன்பின் தெரியாத மாப்பிள்ளையோடு போட்டோவுக்கும் நின்று, பந்தியில் இரண்டாவது தடவை பாயசமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். அப்படிப்பட்டவனிடம் ஒருவர் வந்து, தன் குலதெய்வம் எது என்று காட்டச் சொன்னால் அவரை என்ன சொல்வது?

அவர் பெயர் முனிராஜ். எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பாகலூர் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். நான் கல்லூரியில் புவியியல் படித்தவன் என்று எப்போதோ கேன்டீனில் பெருமையடித்திருக்கிறேன். நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

விஷயம் இதுதான். முனிராஜின் பேரன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அப்போது ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றபடி முனிராஜ் வேண்டிக்கொண்டாராம் — பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தால் முதல் முடி பெட்டதய்யாவுக்கு என்று. கன்னடத்தில் பெட்டா என்றால் மலை. மலையில் இருக்கும் அய்யா, அவ்வளவுதான் சாமிக்குப் பெயர்.

பிள்ளை பிழைத்தான். இப்போது பதினோரு மாதம். வயது ஒன்று முடிவதற்குள் மொட்டை போட்டாக வேண்டும். தாய்மாமன் செந்தில், மானாமதுரையிலிருந்து இரண்டு நாள் லீவில் வருகிறார். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் போட வேண்டும். எல்லாம் தயார். மலை எது என்பது மட்டும் தெரியாது!

கோயில் எங்கே இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் ஆயிற்றே என்றேன்.

கோயிலே கிடையாதாம். மலைதான் சாமி. மேலே ஏறக் கூடாது, பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது. அவர்களுடைய பழைய நிலத்தில் கிணற்று மேட்டில் நின்று பார்த்தால் வரிசையாக மலைகள் தெரியும். அதில் இடமிருந்து மூன்றாவது. அதைப் பார்த்தபடி கும்பிட வேண்டும். நிலம் கைமாறி அங்கே வேறொரு கம்பெனி வந்து இருபது வருடமாயிற்று. அதிலிருந்து முனிராஜ் ஓசூரில் தன் வாடகை வீட்டு மொட்டை மாடியில் நின்று, உத்தேசமாக ஒரு பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது பேரன் விஷயம் என்றதும் உத்தேசம் போதவில்லை.

“எங்கப்பா விரல் நீட்டிக் காட்ட மாட்டாரு சார். சாமிய விரல் நீட்டிக் காட்டலாமா? கையக் கூப்பிகினு அந்தப் பக்கமாத் திரும்புவாரு. நாங்க பின்னாடி நின்னு கும்புடுவோம்.”

புரிகிறதா? பிள்ளைகள் பார்த்தது மலையை இல்லை. அப்பாவின் முதுகை.

எனக்கு மலை என்றால் குழப்பமே இருந்ததில்லை. நான் தென்காசிப் பக்கம். எங்கள் ஊரில் மலை என்றால் மேற்கு, மேற்கு என்றால் மலை. சுவர் மாதிரி நிற்கும். சாரல் அங்கிருந்து வரும், சூரியன் அதன் பின்னால் போவான். வழி தவறினால்கூட மலையைப் பார்த்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஓசூருக்கு வந்த முதல் வாரமே அந்தக் கணக்கு கெட்டுப்போயிற்று. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை, தனியாக, யாரையும் சேராமல் நிற்கிறது. இது கிழக்குத் தொடர்ச்சி மலையாம். தொடர்ச்சி பெயரில்தான். ஒடிசாவில் புறப்பட்டு ஆந்திராவைத் தாண்டி இங்கே வருவதற்குள் ஆறுகள் அறுத்துத் துண்டு துண்டாக்கிவிட்டன. ஜவ்வாது ஒரு துண்டு, சேர்வராயன் ஒரு துண்டு, தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் மேலகிரி ஒரு துண்டு. போதாததற்கு, நாம் நிற்கும் தரையே ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரம். மலை மேல் நின்றுகொண்டே மலை எங்கே என்று தேடுகிறோம்.

ஆனால் ஒன்று. எங்கள் ஊர் மலை எல்லோருக்கும் பொது. இங்கே துண்டு துண்டாக இருப்பதாலோ என்னவோ, ஆளுக்கொரு மலை இருக்கிறது. ஓசூர் நடுவில் மலைமேல் சிவன். கிருஷ்ணகிரியில் மலைமேல் கோட்டை, பக்கத்திலேயே தர்கா. பெயரில்லாத பாறைக்குக்கூட எங்கோ ஒரு குடும்பம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கிணற்று மேடு இப்போது அந்தக் கம்பெனி காம்பவுண்டுக்குள் இருக்கிறது. சுவருக்கு வெளியே காலி மனை ஒன்று. வேலி போடுவதற்காகக் கற்பலகைகளை இறக்கி அடுக்கியிருந்தார்கள். ஒரு வாட்ச்மேன். அங்கே நின்றால் பழைய இடத்திலிருந்து நாற்பது அடிதான் தள்ளி. மலைகள் தெரிந்தன.

முனிராஜ் எண்ணினார். இடது ஓரத்தில் சின்னதாக ஒரு கரடு, அது ஒன்று. அடுத்தது இரண்டு. அதற்கடுத்து உச்சி பிளந்த மலை — அதுதான் மூன்றாவது. கையைக் கூப்பிவிட்டார்.

அவருடைய அண்ணன் திம்மராயன் ஒத்துக்கொள்ளவில்லை. “அது கரடுடா. அதும்மேல நாம ஆடு மேச்சோம். அதப் போயி மலைனு எண்ணுவாங்களா?”

கரடு மலையா, இல்லையா? எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புவியியல் படித்தவனாயிற்றே! குன்று எந்த உயரத்தில் மலையாகிறது என்பதற்கு உலகத்தில் ஒத்துக்கொண்ட கணக்கே கிடையாது. அதைச் சொன்னேன். இதற்கா இவரைக் கூட்டிவந்தோம் என்பதுபோல் பார்த்தார்கள்.

அண்ணன் விடவில்லை. கரட்டை விட்டுவிடு, ஆனால் பிளந்த மலைக்கு இடப்பக்கம் இன்னொரு மலை இருந்தது, கல் உடைக்கிறவர்கள் உடைத்து முடித்துவிட்டார்கள், அதையும் சேர்த்து எண்ணு என்றார். நான் பார்த்தேன். உண்மைதான். அந்த இடத்தில் வெறும் வானம் இருந்தது, அடியில் வெள்ளையாக ஒரு பள்ளம். கரட்டை விட்டுவிட்டு, அதைச் சேர்த்து எண்ணினார்கள். மூன்றாவதாக வந்தது... அதே பிளந்த மலை!

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மலை! சண்டை அப்படியே அடங்கிவிட்டது. வேனிலிருந்து தேங்காய், பழம் இறங்கியது. செந்தில் என் பக்கத்தில் வந்து, “எங்க பக்கமெல்லாம் பொட்டல் சார், சாமிய எண்ணித் தேடுற வேலையே இல்ல” என்று பெருமூச்சு விட்டார்.

நான் மட்டும் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் உறைக்கும். தம்பி சொன்னபடி கரட்டையும் சேர்த்து, அண்ணன் சொன்னபடி உடைத்த மலையையும் சேர்த்தால்? கரடு ஒன்று. அடுத்தது இரண்டு. மூன்றாவது... அந்தப் பள்ளம்.

இன்னொரு தடவை எண்ணினேன். மறுபடியும் பள்ளம்தான். முனிராஜின் அப்பா கரட்டைச் சேர்த்து எண்ணினாரா, இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும். அவரே போய்ச் சேர்ந்த பிறகு யாரிடம் கேட்பது? கேட்டு, ஆமாம் என்று வந்துவிட்டால்?

முனிராஜின் மனைவி மஞ்சுளா வாட்ச்மேனிடம் ஏதோ பேசிவிட்டு வந்துகொண்டிருந்தார். தண்ணீர் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். நான் விரலை மடக்கி மடக்கி எண்ணுவதைப் பார்த்து நின்றார்.

“மாமனாரு கரட்டச் சேத்துத்தான் எண்ணுவாரு சார்” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “கல்யாணமாயி வந்த புதுசுல எது எதுன்னு கேட்டேன். சொன்னாரு. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.”

மகன்கள் கேட்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் நின்று கும்பிட்டதோடு சரி. வெளியிலிருந்து வந்த பெண் கேட்டிருக்கிறார்.

அவர் முகத்தில் கலக்கம் எதுவும் தெரியவில்லை. கலக்கமெல்லாம் எனக்குத்தான். வேண்டிக்கொண்ட மலை இல்லை என்றால் வேண்டுதல் என்னாகும்? அந்த மனிதர் மாடிப்படியில் நின்று அழுதபோது அங்கே மலை இருந்ததா, அதற்கு முன்பே போய்விட்டதா? அப்படியானால் பிள்ளையைக் காப்பாற்றியது யார்? டாக்டரா, வெறும் வானமா?

செந்தில் உட்கார பிளாஸ்டிக் சேர் போட்டார்கள். மஞ்சுளா அதை எடுத்துவிடச் சொன்னார். வேலிக்கு இறக்கியிருந்த கற்பலகை ஒன்றைக் காட்டி, அதன்மேல்தான் உட்கார வேண்டும் என்றார். சேர் ஆடும், பிள்ளைக்குக் கத்தி பட்டுவிடும் என்று காரணம் சொன்னார். தரை சமமாகத்தான் இருந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மஞ்சுளா சொன்னால் சொன்னதுதான்.

பிள்ளை வீறிட்டு அழுதான். முனிராஜும் அண்ணனும் பிளந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார்கள். முதல் முடி கல்லின்மேல் விழுந்தது. மஞ்சுளா குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேரனின் முடி பட்ட இடம், அதனால் செய்கிறார் என்று நினைத்தேன்.

எல்லோரும் வேனில் ஏறும்போது, சும்மா இருக்க முடியாமல் வாட்ச்மேனிடம் அந்தம்மா என்ன கேட்டார் என்று விசாரித்தேன்.

“இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சுனு கேட்டாங்க சார்.”

எங்கிருந்து வந்ததாம்?

அவர் விரலை நீட்டியே காட்டினார். பிளந்த மலைக்கு இந்தப் பக்கம், பள்ளம் இருந்த இடம்.

முனிராஜ் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதிவிட்டேன்... உங்களில் யாராவது எங்கள் கம்பெனியில் இருந்தால், தயவுசெய்து இந்த வாரம் கேன்டீனுக்குக் கொண்டுவராதீர்கள்.