மங்கோலியக் கறியும் கோமுகி ஆற்றுக் கல்லும்

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். மங்கோலியாவில் ஆடு மேய்ப்பவர்கள், நெருப்பில் காய்ச்சிய கற்களை ஆட்டுக்கறியோடு போட்டு மூடி வேகவைப்பார்கள் என்று படித்து வியந்தேன். கிறிஸ்துமஸுக்கு அதைச் செய்து அசத்த நினைத்து, கோமுகி ஆற்றிலிருந்து வழவழப்பான கற்களைப் பொறுக்கி வந்து, ஈரத்தோடு நெருப்பில் போட்டேன்.

"இன்னாம்மா, கல்ல வேகவச்சிக்கினு இருக்கற? கறி எங்க?" என்று சிரித்தபடி அப்பா குனிந்தார். படாரென்று ஒரு கல் வெடித்தது. அதன் சில்லு அவர் காதோரம் பறந்து சுவரில் மோதியது. "எட்ட வாங்கப்பா!" என்று அவரை இழுத்தேன்.

கல்லுக்குள் இருக்கும் ஈரம் சூடேறினால் கல் வெடிக்கும் என்று பிறகுதான் படித்தேன். எந்தக் கல் நெருப்பைத் தாங்கும் என்று அறிந்து சமைக்கும் அந்த மேய்ப்பர்கள் மீது மதிப்பு இன்னும் கூடியது.

இப்போதும் ஒவ்வொரு நாட்டு முறையிலும் ஆட்டுக்கறி சமைக்கிறேன். ஆனால், அதிலுள்ள ஆபத்தையும் படித்த பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறேன். அப்பாவும் தட்டில் கை வைக்கும் முன் கேட்டுவிடுகிறார்: "கல்லு கில்லு போடலியே?"