வீட்டின் நடுவே வாரி விட்டவர்

திருச்சியில் மகள் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது செல்லம்மாள் மதினியின் போன் வந்தது. காலை நேரத்தில் போன் செய்கிறவர் அல்ல அவர். எடுத்ததும், “விசாலம், ஒங்க அண்ணன் காபி கேட்டாரு. போட்டு எடுத்துக்கிட்டு வாரதுக்குள்ள போயிட்டாரு” என்றார். அழுகைச் சத்தம் இல்லை. நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. “மார் அடைச்சிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு. நீ எப்ப வர்ற?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கீரையை முறத்தோடு தள்ளி வைத்துவிட்டு, புதுக்கோட்டை வழியாக எங்கள் ஊருக்குப் போகிற பஸ் ஏறினேன்.

அடைக்கலம் அண்ணன் என் உடன்பிறந்தவர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் மலையடித் தெருவில் வீடு கட்டிய அதே வருஷம்தான் அவரும் வளைகுடா நாட்டிலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேறினார். வந்த முதல் நாளே மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டி, “தங்கச்சி, ஒங்க வீட்டுல சுத்தியல் இருக்கா?” என்று கேட்டார். அந்தச் சுத்தியல் இன்றுவரை திரும்பி வரவில்லை. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் அவரிடம் இப்படி ஏதாவது ஒரு பொருள் தங்கிப் போயிருக்கும். அவர் போனில் பேசினால் போனே தேவையில்லை, எதிர்முனையில் இருப்பவருக்கு நேரடியாகவே கேட்டிருக்கும். கோபம் வந்தால் மூக்கு முதலில் சிவக்கும், வார்த்தை பிறகுதான் வரும். கீரனூர் தாண்டும்வரை பஸ்ஸில் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய விஷயத்தை நினைத்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

அவரை அறியாதவர்களுக்காக அந்தப் பெரிய விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊரில் ஆறு இருக்கிறது என்று சொன்னால் தஞ்சாவூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வெள்ளாற்றில் நாம் தண்ணீரைப் பார்த்ததைவிட மணலைப் பார்த்ததுதான் அதிகம். நமக்கு ஆறு என்பது கோட்டை மலைதான். மழை பெய்தால் அந்த மொட்டைப் பாறையில் சொட்டுக்கூடத் தங்காமல் நாலு பக்கமும் வழிந்து ஓடி வரும். கோட்டை கட்டியவர்கள் அந்த ஓட்டத்துக்கு அன்றே வழி வெட்டி வைத்தார்கள். மலையடியிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிற அந்தக் கால்வாயைத்தான் நாம் வாரி என்கிறோம். ஒரு கண்மாய் நிறைந்தால் அடுத்த கண்மாய், அது நிறைந்தால் அதற்கடுத்தது, மிச்சம் இருந்தால் வெள்ளாறு. ராசாக்கள் போய்விட்டார்கள். வாரிகளில் பாதியும் போய்விட்டது. வடக்கு வாரி எங்கே போனது என்று மட்டும் ரொம்ப நாள் யாருக்கும் விளங்கவில்லை. அது அடைக்கலம் அண்ணன் வீட்டு அடுப்படிக்குள் போயிருந்தது.

இதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. அங்கே பாலைவனத்தில் குழாய் பதிக்கிற வேலையில் இருந்துகொண்டு, இங்கே மச்சினன் காட்டிய மனையைப் போனிலேயே பார்த்து வாங்கினார். மழை பொய்த்திருந்த வருஷங்கள் அவை. வாரி வெறும் பள்ளமாகக் கருவேல முள் மண்டிக் கிடந்தது. மனை விற்றவர்கள் கிராவலைக் கொட்டி அதை மேடாக்கியிருந்தார்கள். அண்ணன் பணம் அனுப்பினார், மதினி நின்று கட்டினார். வெயிலில் குடத்தோடு நின்று சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது முதல் அடுப்படி மேடைக்குக் கல் தேடி அலைந்தது வரை எல்லாம் அவர்தான். பத்திரமும் மதினி பேரில்தான்.

குடிவந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம், மலைத் தண்ணீர் திரண்டு வந்து அவர் வீட்டுப் பின்சுவரில் முட்டியது. அடுப்படிக் கதவின் அடியில் நுரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. தெருவே ஓடிப்போய்ச் சாக்கைக் கொண்டுவா, மண்ணைக் கொண்டுவா என்று கத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் பின்கதவைத் திறந்தார், முன்கதவையும் திறந்தார். தண்ணீர் அடுப்படி வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, வாசல்படி இறங்கி, தெருவைத் தாண்டி, மறுபக்கத்து முட்புதருக்குள் போய் மறைந்தது. அது தன் வழியில் போவது போலத்தான் இருந்தது. “இதுக்கு வழி தெரியுது தங்கச்சி. நமக்குத்தான் தெரியல” என்றார் முழங்கால் தண்ணீரில் நின்றபடி. மதினி கட்டில்மேல் உட்கார்ந்து அவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கண்மாய்க்குக் கீழே நிலம் வைத்திருக்கிற ஆயக்கட்டுக்காரர்கள் நாலைந்து பேர், பெரியவர் கருப்பையா தலைமையில், தேங்காய் பழத் தட்டோடு வந்து நின்றார்கள். வாரியில் புதுத் தண்ணீர் வந்தால் அது தொடங்குகிற தலைவாய்ப் பக்கம் சூடம் காட்டிக் கும்பிட்டு, தண்ணீரோடு கூடவே கண்மாய் வரை நடந்து போவது அவர்கள் வழக்கம். வருஷக்கணக்கில் வராத தண்ணீர் கண்மாய்க்கு வந்துவிட்டது. வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தால், அது மதினியின் அடுப்படியில் வந்து நிற்கிறது.

“ஆத்தா, தப்பா நெனைக்காத. தலவாய் இங்கிட்டுத்தான் இருக்கு. ஒரு சூடம் காட்டிட்டுப் போயிர்றோம்” என்றார் கருப்பையா.

மதினி சேற்றை அள்ளிக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்தார். “என் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் சேத்துக் காட்டிட்டுப் போங்க. ரெண்டும் நேத்தோட போயிருச்சு” என்றார். அவர்கள் உண்மையிலேயே காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

அந்த வாரமே பிள்ளையார் கோயில் முன்னால் தெருக் கூட்டம் போட்டோம். மலைப் பக்கம் நீளமாக ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பித் தண்ணீரைத் தெற்குத் தெருவுக்குத் திருப்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. தெற்குத் தெருவில் எல்லாம் ஓட்டு வீடுகள். பலரும் தலையாட்டினார்கள். அண்ணனுக்கு மூக்கு சிவந்தது. “நம்ம வீட்டுக்கு வர்றத அவன் வீட்டுக்கு அனுப்புறதுக்குப் பேரு வடிகாலா? கடல் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிற ஊர்ல காலத்தைக் கழிச்சவன் நான். மலை சும்மா குடுக்குறத வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பழக்கம் அவருக்கு ஏது? “என் அடுப்படியையும் கூடத்தையும் நானே எடுத்துர்றேன். வாரி பழையபடி போகட்டும்” என்று சொல்லிவிட்டார். கூட்டம் கை தட்டியது. கருப்பையா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் தொடங்கியது. அவர் ஊர் முன்னால் கொடுத்துவிட்டு வந்தது மதினியின் வீட்டை. மதினி கத்தவில்லை. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். “நீங்க பணம் அனுப்புனீங்க. நான் வெயில்ல நின்னேன். எந்தச் செங்கல் எங்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

நான் அவரை மெச்சுவது இதற்குப் பிறகு அவர் செய்த காரியத்துக்காக. மறுநாளே கருப்பையாவின் வயலுக்குப் போய், “நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். வீடு அவளோடது. அவ சரின்னு சொன்னா இடிப்பேன். சொல்லாட்டி ஒரு செங்கலத் தொடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் என்றார்கள். டீக்கடையில் அவர் காதுபடவே, பொண்டாட்டி முந்தானைக்குள் வாரியை முடிந்து வைத்திருக்கிறான் என்றார்கள். பிரச்சினை தீர வழி இருந்தும் அவரால்தான் நிற்கிறது என்று தெருவும் ஏசியது. மூக்கு சிவக்கிற மனிதர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தார். வீட்டில் மதினியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருமூச்சு விட்டுக் காட்டவும் இல்லை. பெருமூச்சும் ஒரு நெருக்குதல்தானே.

எனக்கே பொறுக்காமல் ஒருநாள், “நீங்க கொஞ்சம் அழுத்திச் சொன்னா மதினி கேட்டுக்குவாங்கல்ல?” என்றேன்.

“அவ எனக்காக எம்புட்டு வருசம் காத்துக்கிட்டு இருந்தா தங்கச்சி. போன்ல ஒருநாள் கூட வாங்கன்னு அழுத்திச் சொன்னதில்ல. இப்ப என் முறை” என்றார்.

அந்த வருஷத்தில்தான் வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்த அவர் உறவுக்காரர்களோடு எல்லோரும் சித்தன்னவாசல் போனோம். குகைக்குள் எல்லோரும் விதானத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்து வாய் பிளந்து நிற்க, தாமரைக் குளத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை துருவிப் பார்த்த அண்ணன், விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவரிடம், “எல்லாம் சரி சார். தாமரை இருக்கு, மீன் இருக்கு, யானை இருக்கு. இந்தக் குளத்துக்கு வரத்து எங்கிட்டு இருந்து?” என்று கேட்டார். அவர் திகைத்து, “இது பெயிண்டிங் சார்” என்றார். “குளம்னு வரைஞ்சா வரத்தையும் வரையணும்ல?” மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அடுப்படிப் பேச்சு வந்த நாள் முதலாக அவர் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

அடுத்த ஐப்பசி மழை வந்த அன்று அண்ணன் ஊரில் இல்லை, கண் பரிசோதனைக்குப் புதுக்கோட்டை போயிருந்தார். தெருக்காரர்கள் முன்ஜாக்கிரதையாக வீட்டின் பின்பக்கம் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் உள்ளே போக முடியாமல் மூட்டையில் முட்டித் தேங்கி, என் வீட்டுப் பக்கமும் தெற்குத் தெருப் பக்கமுமாகப் பரவத் தொடங்கியது. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதினி அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றினார். பாயைச் சுருட்டினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்து மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் காலால் எத்தித் தள்ளினார். பிறகு இரண்டு கதவையும் திறந்துவிட்டார்.

அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேறு அள்ளினார். அள்ளி முடித்துக் கழுவி விட்ட பிறகு மதினி சொன்னார்: “ஆளைக் கூப்பிடுங்க. வருசா வருசம் என்னால சேறு அள்ள முடியாது. ஆனா புது அடுப்படி நான் சொல்ற எடத்துல, நான் சொல்ற அகலத்துல.” ஊர் நன்மை, கண்மாய், ஆயக்கட்டு என்று ஒரு பேச்சும் இல்லை. அண்ணன் எங்கள் வீட்டுச் சுவர்ப் பக்கம் வந்து, “உத்தரவு ஆயிருச்சு தங்கச்சி” என்றார்.

அப்படித்தான் அந்த வீடு இரண்டானது. படுக்கை அறை இந்தப் பக்கம், புது அடுப்படி அந்தப் பக்கம், நடுவில் வாரி, அதன்மேல் ஒரு பலகைக்கல். சாப்பிட வாரி தாண்ட வேண்டும். விருந்தாளி வந்தால் அண்ணன், “கால் நனையாம சாப்பிட்டுப் போனா ஒங்க அதிர்ஷ்டம்” என்பார். அடுத்த மழைக்குக் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. அதைப் பார்த்து எதிர்வரிசையில் இரண்டு பேர் வாரிக்கு இடம் விட்டுத் தங்கள் மதிலை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். ஒருவர் இன்னும் தள்ளவில்லை, அவருக்குத் தெரியும் நான் யாரைச் சொல்கிறேன் என்று. டீக்கடையில் பேசியவர்கள் எல்லாம் மாலையோடு வந்தார்கள். அண்ணன் மாலையைக் கழற்றி மதினி கையில் கொடுத்தார். அவர் அதைப் பிய்த்து மாட்டுக்குப் போட்டார்.

இப்போது அண்ணனின் கருமாதிக் காரியம் முடிந்த மறுநாள் நானும் அங்கே இருந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மூத்த மகன் குமார், நல்ல பிள்ளை, அம்மாவைப் பற்றிய கவலையில்தான் பேசினான். “அம்மா, மழைக்காலத்துல அந்தக் கல்லு வழுக்கும். நீங்க தனியா இருக்கப்போறீங்க. பெரிய சிமெண்ட் குழாயாப் போட்டு மேல மூடிட்டா வீடு ஒண்ணாயிரும், தண்ணியும் அதுபாட்டுக்குப் போகும். மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன், நாளைக்கு வாரேன்னாரு.”

மதினி வெற்றிலையை மடித்துக்கொண்டே, “யாரக் கேட்டுச் சொன்ன?” என்றார்.

குமார் என்னைப் பார்த்தான்.

“ஊரே காறித் துப்புச்சு. அப்பக்கூட என்னையக் கேக்காம ஒங்க அப்பா ஒரு செங்கலத் தொடல. மேஸ்திரிக்குப் போனப் போட்டு வர வேணாம்னு சொல்லு. குழாய் போடணுமா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்.” சொல்லிவிட்டுத்தான் முதல் முறையாக அழுதார். நானும் அழுதேன்.

ஊர் அவரை வீட்டை இடித்து வாரி விட்டவர் என்று நினைவில் வைத்துக்கொள்ளும். வைத்துக்கொள்ளட்டும், அதுவும் உண்மைதான். தன்னுடையதை எடுத்துக் கொடுக்கிறவர்களை என் வயதுக்கு நான் சிலரைப் பார்த்துவிட்டேன். மனைவியுடையது மனைவியுடையதுதான் என்று ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை ஏச்சு வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்த ஆண்பிள்ளை எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அந்த ஒரு வருஷத்தை அடைக்கலம் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன்.

குமார் பயணச்சீட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறான். மதினி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் காத்திருக்கிறோம்.