அழைக்காத மேடைக்கு இருபது மைல்

1961 டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டே காலுக்கு நானும் என் மாமியாரும் மல்லசமுத்திரத்தில் சேலம் பஸ் ஏறினோம். இருபது மைல், ஆளுக்கு அறுபத்தைந்து நயா பைசா. நான் படித்த கன்னியர் பள்ளியில், விடுமுறைக்கு முன்னால் ஆண்டுதோறும் நடக்கும் கிறிஸ்துமஸ் பாட்டுக் கச்சேரிக்குப் பயணம். அழைப்பு வரவில்லை. மாதா கோயிலில் தாலி வாங்காமல் ரிஜிஸ்தர் ஆபீசில் ஓர் இந்து விவசாயியைக் கட்டிக்கொண்டவளுக்கு எப்படி வரும்?

ஆட்டையாம்பட்டியில் பக்கத்து இருக்கைக்காரர், "எங்கீங்க, சேலத்துக்குங்களா?" என்றார்.

"ஆமாங்க. என்ற மருமவ பாடப் போறாளுங்க" என்று மாமியார் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டரை மணிக்குப் பள்ளி வாசல். கச்சேரியின் கடைசிப் பாட்டைப் பழைய மாணவிகள் மேடையேறிப் பாடுவது அங்கே வழக்கம். தேறிய வருஷத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெயரையும், எந்தப் பங்கை, அதாவது எந்த மாதா கோயில் சபையைச் சேர்ந்தவள் என்பதையும் சொல்லிவிட்டு நிற்க வேண்டும்.

பாட்டு சொல்லித்தந்த சிஸ்டர் என்னை ஓரமாக அழைத்தார். "வந்ததுல சந்தோஷம் ரெஜினா. மேடைக்கு மட்டும் வேண்டாம்மா. பங்கு கேட்டா என்ன சொல்லுவே?"

மாமியார் குறுக்கே வந்தார். "ஏனுங்கம்மா, உக்காந்து பாக்கறதுக்கா இத்தன தொலவு வந்தோம்?"

நாலே காலுக்கு, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு" என்று கூப்பிட்டார்கள். நான்கு பேர் ஏறினார்கள். ஐந்தாவதாக நானும் ஏறினேன். என் முறை வந்தது.

"ரெஜினா. பங்கு இல்லை. ஊர் மல்லசமுத்திரம்."

சிஸ்டர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தப் பாட்டில் எனக்கு எப்போதும் இரண்டாம் குரல்; முதல் குரலுக்குக் கீழேயே ஓடுவது. தனியாகக் கேட்டால் பாட்டு என்றே தோன்றாது. நான் அதையே தொடங்கினேன். முதல் வரி முழுவதும் ஒற்றையாக, அசட்டுத்தனமாக ஒலித்தது. இரண்டாம் வரியில் பக்கத்தில் நின்ற பிலோமினா முதல் குரலைப் பிடித்தாள். பிறகு எல்லோரும். இரண்டாம் சரணத்தில், வேறு வழியில்லாமல், ஆர்மோனியமும் வந்து சேர்ந்தது.

வெளியே வரும்போது சிஸ்டர், "பிடிவாதம் உன்னை விட்டுப் போகவே இல்லை" என்றார்.

"நீங்க அடிச்சு அடிச்சுச் சொல்லிக்கொடுத்த பாட்டு சிஸ்டர். பாடாம எப்படி?"

ஐந்தரை மணி பஸ்ஸில் மாமியார், "பாட்டு ஒண்ணும் வெளங்கல சாமி. ஆனா நீ நின்னது நல்லா இருந்துச்சு" என்றார். எங்கள் வீட்டுச் சுவரில் மாதா படமும் முருகன் படமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. அங்கே யாரும் என்னைப் பங்கு கேட்டதில்லை. அதற்காக நான் படித்த பள்ளியை விட்டுக்கொடுத்துவிட முடியுமா? அடுத்த டிசம்பரிலும் போவேன். ஐம்பத்திரண்டில் பாட்டுக் குழுவிலிருந்து தேறியவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் என்று கணக்குச் சொல்ல நான் விடமாட்டேன்.