டேலியாவைத் தூக்கிப் போடவில்லை

நேற்றுக் காலையில் எங்கள் தெருவுக்குப் புகை அடிக்க வந்தார்கள். தோளில் மாட்டிய மெஷின் தெருமுனையில் உறுமத் தொடங்கியதுமே நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். சாத்தி என்ன? கதவிடுக்கு வழியாக உள்ளே வந்த புகை, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அழைக்காத விருந்தாளி மாதிரி சோபாவில் உட்கார்ந்துகொண்டது. டீசலும் மருந்தும் கலந்த வாடை. மற்றவர்களுக்கு அது கொசுவை ஞாபகப்படுத்தும். எனக்கு முதலில் கொசு, அதற்குப் பின்னாலேயே என் அப்பா.

அப்பாவுக்கு அருப்புக்கோட்டை பஜாரில் இரும்புக் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், கூரைத் தகரம். துருப் பிடிக்காமல் இருக்க மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். சோப்பு எவ்வளவு போட்டாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாது. அந்தக் கையோடுதான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போவார். அங்கே அவருடைய டேலியாக்கள் இருந்தன. பூவைத் தாங்கிப் பிடித்து, "இங்க பாரு, எத்தன அடுக்கு" என்று என் முகத்துக்கு நேரே நிமிர்த்துவார். டேலியாவுக்கு வாசம் கிடையாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் அது மண்ணெண்ணெய் வாசமுள்ள பூ.

மல்லிகை விளைகிற சீமையில் வாசமில்லாத பூவை வளர்ப்பது லேசான காரியமில்லை. எங்கள் பக்கம் பூ என்றால் முழம் போட வேண்டும், கொண்டையில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் சந்தைக்குப் போக வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து, சிவப்பாக, தன் பாரம் தாங்காமல் குச்சியில் சாய்ந்து நிற்கிற பூவை என்ன செய்வது? அம்மா சாமி படத்துக்கும் போட மாட்டாள். போட்டால் படம் மறைந்துவிடும் என்பாள். பெரியப்பா ஒருநாள் கொல்லையில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏலே, வாசமும் இல்ல. தலையில வைக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது. எதுக்குலே இது?"

"நம்ம கடை ஆணிக்கும்தான் வாசம் இல்ல. அத அடிக்காமயா இருக்கோம்?" என்றார் அப்பா.

இது என்ன பதில் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பெரியப்பா அதன்பிறகு கேட்கவில்லை. சில பதில்கள் விளங்காததாலேயே ஜெயித்துவிடுகின்றன.

அந்தச் செடி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கொடைக்கானலில் யாரோ கட்டிய வீட்டுக்குக் கூரைத் தகரம் லோடு போன லாரியில் அப்பாவும் ஏறிப் போயிருந்தார். பனியில் செடிகள் கருகிப்போய், தோட்டக்காரர் கிழங்குகளைத் தோண்டிக் குவித்து வைத்திருந்தாராம். பூக்களைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு மயங்கிய அப்பா, அரைச் சாக்குக் கிழங்கை வாங்கி வந்து அடுப்படி மூலையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அது மார்கழிக் கடைசி. பொங்கலென்றால் எங்கள் பக்கம் சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு, சிறுகிழங்கு எல்லாம் வீட்டில் வந்து குவிகிற நேரம். அம்மா என்ன நினைப்பாள்? பொங்கலன்று எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் அவித்துவிட்டாள்.

நாங்கள் சாப்பிட்டோம். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. ஈரத் துணியை மென்ற மாதிரி இருந்தது. ஊரில் விளைச்சல் கெட்டுப்போனதாக அப்பாவே சொல்லிக்கொண்டு இரண்டாவது கிழங்கையும் உரித்தார். பாதியில்தான் அவருக்கு உறைத்தது. வாயில் இருந்ததைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் அவர் அம்மாவைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா அசரவில்லை. "கெழங்கக் கொண்டாந்து அடுப்படியில வச்சா அவிக்காம என்ன செய்வாக? பூன்னு அதுல எழுதியா ஒட்டியிருக்கு?" என்றாள். அன்று முழுக்க எங்கள் எல்லோருக்கும் வயிறு சத்தமாகப் பேசியது. அதற்குக் காரணம் அந்தக் கிழங்கில் இருக்கிற, எளிதில் செரிக்காத இன்யூலின் என்ற ஒரு மாவுப் பொருள் என்று பி.எஸ்ஸி. படிக்கும்போது தெரிந்துகொண்டு, வகுப்பில் நான் மட்டும் தனியாகச் சிரித்தேன்.

சாக்கின் அடியில் ஒட்டிக்கிடந்த சில கிழங்குகள் தப்பித்தன. எங்கள் வீட்டு டேலியா வம்சம் அவற்றிலிருந்து வந்ததுதான். கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்பதால் குண்டாற்று மணலை வண்டியில் அடித்துக் கலந்தார் அப்பா. இப்போது திருச்சுழிப் பக்கம் ஆற்றில் மணலைத் தேடினால் சீமைக்கருவேல முள்தான் காலில் ஏறும். நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஆட்டுப்புழுக்கை வரும். ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டால் மார்கழியில் பூக்கும். மாசி வெயிலில் செடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, கடையில் காலியான ஆணி டின்னில் காய்ந்த மணல் போட்டுப் புதைத்து, மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்துவிடுவார். கோடை முழுக்க அது அங்கேயே தூங்கும். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியது அது ஒன்றுதான்.

என் கல்யாணத்தின்போது அந்த டின்களில் ஒன்று என்னோடு வந்தது. பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவில் யார் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், நான்தான். புகுந்த வீட்டில் சீர்ப் பாத்திரங்களைப் பிரித்து அடுக்கியவர் என் வீட்டுக்காரரின் அக்கா. மல்லாங்கிணறில் இருக்கிறார், நான் மதினி என்று கூப்பிடுவேன். டின்னைத் திறந்து மணலுக்குள் கையை விட்டவர், ஒரு கிழங்கை வாலைப் பிடித்துத் தூக்கி, கூடியிருந்த எல்லோருக்கும் காட்டினார்.

"ஏம்மா, எங்க வீட்டுல சோறு கிடைக்காதுன்னு கையோட கொண்டாந்துட்டியா?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து மதினிக்கு அது பூச்செடி இல்லை, 'கெழங்கு'. "கெழங்குக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்றுதான் கேட்பார். கேலிதான், ஆனால் கெட்ட எண்ணம் இல்லை. எனக்குப் பிரசவமானபோது வந்து இருந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான். இதை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம். ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் அவரோடு எனக்குச் சண்டை வருகிறது.

நாங்கள் இப்போது இருக்கிற இந்த வீட்டில் கொல்லை கிடையாது. மொட்டை மாடியும் தொட்டிகளும்தான். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாத ஊர் இது. வரும்போது பிடித்து டிரம்மிலும் குடத்திலும் நிரப்பி வைத்துத்தான் எல்லோரும் பிழைக்கிறோம். அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு மாடியேற்றுவேன். போன ஐப்பசியில் செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்த நேரம், என் மகள் நிவேதாவுக்குக் காய்ச்சல் வந்தது.

பிளஸ் டூ படிக்கிறாள். முதலில் மாத்திரை, பிறகு இங்கே ரத்தப் பரிசோதனை, பிறகு மதுரை ஆஸ்பத்திரி. டெங்கு என்றார்கள். தட்டணுக்கள் இறங்குகின்றன என்றார்கள். அந்த நாட்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. அவளுடைய ஈறில் ரத்தம் கசிந்ததும், நான் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றதும், நர்ஸ் வந்து பஞ்சை வாங்கிக்கொண்டதும் நினைவிருக்கின்றன. மற்றதெல்லாம் வெள்ளைச் சுவர்.

பார்க்க வந்தவர்கள் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு கேள்வியும் கொண்டுவந்தார்கள். வீட்டில் பூந்தொட்டி வைத்திருக்கிறாயாமே? நாங்கள் மதுரையில் இருந்தபோது கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மதினி அவரை மாடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளில் மழைத் தண்ணீர் நின்றிருக்கிறது. பணியாளர் அதைக் கவிழ்த்துவிட்டு, தட்டு வைக்காதீர்கள், டிரம்மை மூடி வையுங்கள் என்று சொல்லி, கதவருகே சாக்கட்டியால் தேதி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் செய்தது அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியது மற்றவர்கள்.

மதினி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே சொன்னார்.

"நீ பிள்ளைகளுக்குக் கொசுவப் பத்திப் பாடம் எடுக்குறவ. ஒரு வாசம் உண்டா, வருமானம் உண்டா அந்தக் கெழங்குல? அதுக்குத் தண்ணி வச்சு, பெத்த பிள்ளைய இங்க கொண்டாந்து போட்டிருக்கியே."

நான் திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வட்டம் போடுகிறவள். அதனால் அந்தச் சொல் எங்கே குத்த வேண்டுமோ அங்கே சரியாகக் குத்தியது. ஆனால் அழுகைக்குப் பதிலாக எனக்குக் கோபம் வந்தது. தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது சரி, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் நிவேதாவைக் கடித்த கொசு எங்கே பிறந்தது? டியூஷன் செண்டரிலா, பஸ் ஸ்டாண்டிலா, தெருவில் ஆளுக்கொன்றாக வைத்திருக்கிற டிரம்களிலா? அந்தக் கொசுவை யாரும் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தவில்லை. அது பிறந்த இடம் என் வீட்டு டேலியா என்று மட்டும் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் உபயோகமில்லாதது எதுவோ, அதன் மேல்தான் பழி முதலில் விழும்.

"மதினி, கொசு எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தொட்டிய யாரும் தொடக் கூடாது" என்றேன். அவரிடம் அப்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் இறங்கினால், தொட்டிகள் எல்லாம் கேட் ஓரமாகக் குப்பை வண்டிக்காகக் காத்திருந்தன. இறக்கி வைத்தவர் என் வீட்டுக்காரர். அக்கா சொல்லித்தான் செய்தார், ஆனால் அவருக்கும் பயம். அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் கைப்பையில் சாக்கட்டியோடு தெர்மாமீட்டரும் கிடக்கிறது. மகளைப் படுக்க வைத்துவிட்டு வந்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப மாடிக்குத் தூக்கினேன். தட்டுகளை மட்டும் குப்பை வண்டிக்கு விட்டுவிட்டேன். மூன்றாவது தொட்டியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கடைசியில் தானே மிச்சத்தையும் தூக்கி வந்தார்.

பயத்தை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். செடியைக் காப்பாற்றியவள், மகளை அடைத்து வைத்தேன். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு, சாத்திய ஜன்னல். தூங்கினால் நெற்றியைத் தொடுவேன். விழித்திருந்தால் தலைவலிக்கிறதா என்று கேட்பேன். மாடிக்கு மட்டும் அவள் வரக் கூடாது. காய்ச்சலுக்கு முன்னால் சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்து படிப்பாள். மார்கழியில் முதல் பூ விரிந்தபோது போனில் படமெடுத்து வந்து காட்டினேன். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பொங்கலுக்கு முன்னால் அவளைப் பார்க்க மதினி வந்தார். உதிர்கிற தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்திருந்தார். மாடியில் துணி எடுக்கப் போனவர் முகம் சிவக்க இறங்கினார். "இன்னும் வச்சிருக்கியா? பிள்ள முடிய ஒருதரம் பாத்துட்டு, அப்புறம் போயி அதப் பாரு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா எழுந்து வந்தாள்.

"அத்தை, காய்ச்சல்ல கிடந்தது நான். என்னைச் சாக்கு வச்சு எதையும் தூக்காதீங்க."

எனக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு எழுந்தது. அது உதட்டுக்கு வருவதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் சேத்துத்தாம்மா சொல்றேன்."

பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அரைக்கைச் சட்டையோடு மாடிக்கு ஏறிவிட்டாள். மதினி எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னாலேயே போனார். நானும் போனேன். கவிழ்த்த வாளியின் மேல் அவள் உட்கார்ந்திருக்க, பின்னால் நின்று மதினி எண்ணெய் தேய்த்தார். "கெழங்கு நல்லாத்தான் பூத்திருக்கு" என்று யாருக்கும் இல்லாமல் ஒருதரம் சொன்னார்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அவள் மாடியில்தான். நான் துணி மடிக்கிற சாக்கில் ஏறி நிற்கிறேன். அவள் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் அவளைச் சுற்றியிருக்கிற காற்றை முழுக்கப் பார்வையால் சலித்துவிடுகிறேன். கீழே வா என்று கூப்பிட வாயெடுக்கிறேன். கூப்பிடாமல், மடித்த துணியையே இன்னொருதரம் மடிக்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் எங்கள் வீட்டில் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. வெயில் தாழும், தெருவில் தறிச் சத்தம் ஓயும், பிள்ளை மாடியில் இருக்கிறாள் என்பதே ஞாபகமில்லாமல் நான் கீழே குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சாயங்காலம் எனக்கு இனி இல்லை. அவளுக்கு இருக்கட்டும்.