காய்ச்சல் விட்ட காலை

போன வருஷம் குற்றாலச் சாரல் சமயத்துல நடந்தது. நான் இலஞ்சியில குடியிருக்கேன். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிற டீச்சர். இதை முதல்லயே சொல்லிருதேன், என் வெட்கக்கேடே அதுலதான் இருக்கு.

எங்க வீட்டுக்காரருக்குப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம். காய் பறிக்கும்போது பெருவிரல்ல முள் ஏறிட்டு. தோட்டக்காரருக்கு இதெல்லாம் ஒரு காயமா? பிடுங்கிப் போட்டுட்டு, மறுநாள் சொந்தக்காரங்களோட ஐந்தருவிக்குப் போய்க் குளிச்சுட்டு வந்தார். அடுத்த நாளே குளிர்காய்ச்சல். அருவியில ஒரு மணி நேரம் நின்னா வராம என்ன செய்யும்னு நல்லா ஏசினேன். விரல் வீங்கியிருந்ததை அவரும் காட்டலை, நானும் பாக்கலை. மாத்திரையும் மிளகு ரசமும் கொடுத்தேன்.

மூணாம் நாள் காலையில தொட்டுப் பாத்தா உடம்பு ஜில்லுனு இருக்கு. அப்பாடா, விட்டுட்டுன்னு நினைச்சேன். படுக்கையில கிடந்துக்கிட்டே, லாரி வந்துட்டா, மூட்டையை ஏத்தியாச்சான்னு கேட்டார். தூக்கக் கலக்கம்னு சிரிச்சுக்கிட்டே, இன்னும் ரெண்டு மாத்திரை வாங்கி வைப்போம்னு கிளம்பினேன். வழக்கமான மெடிக்கல் பூட்டியிருந்துச்சு. ரெண்டு தெரு தள்ளி இன்னொரு கடை. அங்க இருந்த பொண்ணை அதுக்கு முன்ன பாத்ததே இல்லை.

காய்ச்சல் விட்டுட்டு, உளறல்தான் நிக்கலைன்னு பேச்சுவாக்குல சொன்னேன். அவ மாத்திரை எடுக்கப் போனவ நின்னுட்டா. மூச்சு எப்படி வாங்குதாரு, ஒண்ணுக்குப் போய் எவ்வளவு நேரமாச்சுன்னு கேட்டா. அதையெல்லாம் நான் கவனிக்கலையேன்னேன்.

"அக்கா, நான் மாத்திரை தரமாட்டேன். இது காய்ச்சல் விட்ட மாதிரி தெரியலை. ஆட்டோ சொல்லுதேன், தென்காசிக்குக் கொண்டு போயிருங்க."

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. எனக்கே பாடம் எடுக்காளேன்னு. ஆனா அவ கடையைச் சாத்திட்டுக் கூடவே வீட்டுக்கு வந்து, அவரை ஆட்டோவில ஏத்துற வரைக்கும் தாங்கிப் பிடிச்சா. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினதை அப்பத்தான் நான் கவனிச்சேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில டாக்டர் விரலைப் பாத்ததும் ரத்தத்துல கிருமி கலந்துட்டு, உடம்பு ஜில்லுனு ஆனதே ஆபத்துக்கு அடையாளம்னார். நேரா ஐசியூ. நாலு நாள் வெளியே உக்காந்திருந்தேன். சாமியைக்கூட ஒழுங்காக் கும்பிட முடியலை, அவ்வளவு பயம்.

அவர் தேறின பிறகு டாக்டர் நிதானமா விளக்கினார். கிருமியை எதுக்கப்போன உடம்போட சொந்தக் காவலே தறிகெட்டுப் போறதுதான் செப்சிஸாம். வெள்ளையணுக்கள்ல ஒரு வகை, இயற்கைக் கொல்லி செல்கள்னு போர்டுல படம் போட்டு, பெரிய வீரர்கள்னு நான் நடத்துவேனே, அதுவும் இதுல சேர்த்தி. ஆரம்பத்துல மத்த செல்களை அளவுக்கு மீறி உசுப்பிவிட்டு, நம்ம உறுப்புகளையே பாழாக்கலாமாம். பிறகு எண்ணிக்கை குறைஞ்சு ஓய்ஞ்சுபோய், அடுத்த கிருமி வந்தா எதுக்கத் தெம்பில்லாமலும் போகலாமாம். யாருக்கு எப்போ எப்படின்னு இன்னும் முழுசாப் பிடிபடலைன்னார். இத்தனை வருஷமும் நான் பாதிக் கதையைத்தான் நடத்தியிருக்கேன்.

இப்பவும் அவருக்கு லேசா உடம்பு சுட்டாப் போதும், பக்கத்துல உக்காந்து மூச்சை எண்ண ஆரம்பிச்சிருதேன். கணக்கு டீச்சரா மாறிட்டியான்னு கிண்டல் பண்ணுதார். பண்ணட்டும், கிண்டல் பண்ண மனுஷன் வீட்டுல இருக்காரே, எனக்கு அது போதும்.