பெருக்குத் தண்ணீருக்கு மேலே

கஜா புயலில் எங்கள் பக்கத்துத் தென்னையெல்லாம் படுத்ததே, அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் முதல் பாளை விட்ட இந்த வருஷம், மாசி அமாவாசைக்கு மறுநாள் நான் விமானம் ஏறினேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "சுருக்கமாச் சொல்லுங்க மாமா" என்று நடுநடுவே நிறுத்துகிறாள்.

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் அலையாத்திக் காட்டைச் சுற்றி வனத்துறை வேலி வரப்போகிறது. ஆகாயத்திலிருந்து எடுக்கும் படத்தில் பாதை தெரிந்தால் அங்கே வழி விடுவார்களாம். தெரியாவிட்டால் அடைப்பார்களாம். கையால் தடவி நண்டு, இறால் பிடிக்கும் எங்கள் பெண்களுக்கு, அந்தச் சேற்றில் கால் புதையாத தரை ஒன்றே ஒன்றுதான். அதைக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

காலை ஐந்தரைக்கு வேன். அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி, ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். என் வீட்டிலிருந்து அந்தப் பாதைக்குக் கால் மணி நேர நடை. அதைப் பார்க்கத் திருச்சிக்குப் போக வேண்டியிருக்கிறது! அங்கே டீ இருபது ரூபாய், பாதி நுரை.

ஒன்பது மணிக்கு ஒரு தராசில் ஏறச் சொன்னார்கள். ஐம்பத்தொரு கிலோ. இத்தனை வருஷம் நண்டைத்தான் நிறுத்திருக்கிறேன், என்னை யாரும் நிறுத்ததில்லை. விமானத்தைவிட எங்கள் ஊர் ஷேர் ஆட்டோ விசாலம்.

பத்து மணிக்குக் கடல் வந்தது. கீழே பார்த்ததும் எரிச்சலாகிவிட்டது. சேறு இல்லை, ஓடை இல்லை, மரங்களுக்கு நடுவே எல்லாம் ஒரே தண்ணீர்.

"ஏந் தாயி, கடல் ஏறுற பெருக்கு நேரத்துல கூட்டியாந்தா எதைக் காட்டுறது? தண்ணி வத்துனாத்தான பாதை வெளிய வரும்?" என்று படம் எடுக்கும் பெண்ணைக் கேட்டேன்.

"பத்து மணிக்குத்தான் வெயில் சரியா விழும் ஐயா."

"வெயிலையா படம் எடுக்குறீங்க?"

பைலட் சிரித்தார். "பெரியவரே, சீக்கிரம் காட்டுங்க. திருப்பப் போறேன்."

அறுபது வருஷம் நடந்த காடு. முழங்கால், தொடை, இடுப்பு என்று ஆழத்தை வைத்து வழி கண்டவனுக்கு மேலே இருந்து ஆழம் ஏது? இங்கிட்டா, அங்கிட்டா என்று விரல் அலைந்தது. அவள் பாதை இல்லை என்று எழுதப்போனாள்.

அப்போது தண்ணீரில் ஒன்று மினுங்கியது. தலையில் அலுமினியச் சட்டி. எதிர்வீட்டு ராக்கு! முகம் தெரியவில்லை. ஆனால் பெருக்கு ஏறும்வரை காட்டுக்குள் நிற்பவள் அவள் ஒருத்திதான். இடுப்பளவுத் தண்ணீரில் நிதானமாக வந்துகொண்டிருந்தாள்.

"அந்தா! அவ நடக்குற எடந்தான்! ரெண்டடி தள்ளி வச்சா சேறு ஆளை முழுங்கிரும்!"

"ஒரு ஆள் நடந்தா பாதைன்னு எழுத முடியாது ஐயா. நெறையப் பேர் படத்துல விழணும்."

"அப்ப தண்ணி வத்தும்போது வாங்க."

"இனி ஒரே ஒரு தடவைதான். பௌர்ணமிக்கு மறுநாள், இதே பத்து மணி."

அமாவாசைக்கு மறுநாள் இருக்கும் தண்ணீர்தான் பௌர்ணமிக்கு மறுநாளும் இருக்கும். எங்கள் ஊர்க் கோழிக்கும் தெரிந்த விஷயம்.

சாயங்காலம் ராக்குவிடம் சொன்னேன். "மேல இருந்து பாத்தீங்களே பெரியப்பா, சட்டில எத்தன நண்டு கெடந்துச்சு?" என்றாள். சிரிப்பு அடங்கியபின், "அப்ப எல்லாரையும் எறக்கிருவோம்" என்றாள்.

அதனால் கரையோரத்துப் பெண்களுக்குச் சொல்லிவிடுங்கள். பௌர்ணமிக்கு மறுநாள் பத்து மணிக்கு இடுப்பு நனையத்தான் செய்யும். ராக்கு முன்னே போவாள், பின்னால் ஒரே வரிசையாக நடக்க வேண்டும். இதை வாசிக்கிறவர்கள், வாசிக்கத் தெரியாதவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். சட்டியைச் சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.